மாங்கனீஸ் போன பிறகுதான் செல் ஒட்டியது

பாளையங்கோட்டையில் நான் வேலை பார்க்கும் கல்லூரியின் உயிரியல் ஆய்வகத்தில், கிராஃபீன் (கார்பன் அணுக்களாலான மிக மெல்லிய தகடு) பூசிய கண்ணாடித் துண்டின்மேல் எலியின் நார்த்திசு செல்கள் ஒருவழியாகக் காலூன்றி வளர்ந்துவிட்டன. பக்கத்துக் குழியில் இருந்த வெறும் கண்ணாடியில் எத்தனை செல்லோ, இதிலும் ஏறக்குறைய அத்தனை. உரிந்து மிதந்த படலங்கள், கறுத்துப்போன பூச்சு, பொய் சொன்ன சோதனை என்று பலவற்றைத் தாண்டி வந்திருப்பதால், கை சூடு ஆறுவதற்குள் எழுதி வைக்கிறேன். சிறிய கல்லூரியில், கைக்கு எட்டும் சாமான்களோடு இதில் இறங்க நினைப்பவர்களுக்கு எங்கள் மாதங்கள் மிச்சமாகட்டும்.

எங்களுக்கு வேண்டியிருந்த கண்ணாடிக்கு மூன்று குணங்கள். மின்சாரம் கடத்த வேண்டும். அதன்மேல் செல் வளர வேண்டும். தலைகீழ் நுண்ணோக்கியில் அடியிலிருந்து பார்த்தால் ஊடுருவித் தெரிய வேண்டும். செல்கள் பெருகப் பெருக மின்தடை எப்படி மாறுகிறது என்று அளப்பது முதுகலை மாணவி ஒருத்தியின் திட்டப்பணி. தங்கம் பூச எங்களிடம் கருவி கிடையாது. கிராஃபீனை வேதிமுறையில் எங்களாலேயே செய்துகொள்ள முடியும்: கிராஃபைட்டை ஆக்ஸைடாக்கித் தண்ணீரில் பிரித்து, கண்ணாடியில் பூசி, பிறகு ஆக்ஸிஜனைக் களைய வேண்டும். 2004-இல் மான்செஸ்டரில் ஒட்டுநாடாவால் உரித்தெடுத்த மாசற்ற ஒற்றை அடுக்கு இப்படிக் கிடைக்காது. ஓட்டையும் ஒடிசலுமான ஒரு படலம்தான் கிடைக்கும். எங்கள் வேலைக்கு அது போதும்.

கிராஃபைட்டிலிருந்து கூழ் வரை

கிராஃபைட்டுக்கு வெளியூர் தேட வேண்டியிருக்கவில்லை. சிவகங்கையில் தமிழ்நாடு கனிம நிறுவனம் தோண்டுவது செதில் கிராஃபைட். அந்த வகைச் செதில் மதுரை வியாபாரி ஒருவரிடம் கிடைத்தது. சாம்பல் சத்து கொஞ்சம் இருக்கிறது. அது கடைசியில் அடியில் மணலாகப் படிந்துவிடும், வடித்துவிடலாம்.

ஹம்மர்ஸ் 1958-இல் சொன்ன பழைய முறையில் சோடியம் நைட்ரேட் சேர்ப்பார்கள். நச்சுப் புகை வரும். ரைஸ் பல்கலைக்கழகக் குழு 2010-இல் வெளியிட்ட மாற்று முறையில் நைட்ரேட் இல்லை. சல்ஃப்யூரிக் அமிலமும் பாஸ்பாரிக் அமிலமும் 9-க்கு 1 என்ற கணக்கில் கலக்க வேண்டும். அவர்கள் அளவில் மூன்றில் ஒரு பங்கு எடுத்தோம்: 1 கிராம் கிராஃபைட், 6 கிராம் பொட்டாசியம் பெர்மாங்கனேட், 120 மி.லி. சல்ஃப்யூரிக், 13 மி.லி. பாஸ்பாரிக்.

இங்கே ஓர் எச்சரிக்கையை அழுத்திச் சொல்ல வேண்டும். அடர் சல்ஃப்யூரிக் அமிலத்தில் பெர்மாங்கனேட் விழும்போது பச்சை நிற மாங்கனீஸ் ஹெப்டாக்ஸைடு உண்டாகிறது. 55 டிகிரிக்கு மேல் போனால் அது வெடிக்கும். திருநெல்வேலிச் சித்திரை வெயிலில் ஆய்வக அறையே 36, 37 டிகிரியில் நிற்கும். அதனால் விடியற்காலையில், புகைப்போக்கிப் பெட்டிக்குள், ஐஸ் தொட்டியில் குடுவையை வைத்து, தேக்கரண்டி நுனியளவாகப் பெர்மாங்கனேட்டைப் போட்டோம். வெப்பமானி குடுவையை விட்டு வெளியே வரவே இல்லை. எல்லாம் சேர்ந்த பிறகு 50 டிகிரியில் 12 மணி நேரம் கலக்கல். கலக்கியையும் சூடாக்கியையும் இன்வெர்ட்டரில் இணைத்திருந்தோம். நடுவே மின்சாரம் போனால் சூடு தாறுமாறாகும் என்ற பயம்தான் காரணம்.

பிறகு 130 கிராம் அளவுக்கு ஐஸ் கட்டியில் மெல்ல ஊற்றி, 1 மி.லி. ஹைட்ரஜன் பெராக்ஸைடு விட்டதும் கலங்கல் பளீரென்று மஞ்சளாக மாறியது. பலமுறை பார்த்தும் எனக்கு அலுக்காத காட்சி அது. மஞ்சள் வரவில்லை, பழுப்பாகவே நிற்கிறது என்றால் ஆக்ஸைடாக்கம் முழுமையாகவில்லை என்று பொருள்.

சென்ட்ரிஃப்யூஜில் கழுவும்போது முதல் சுற்றுகளில் வண்டல் எளிதாக இறங்கும். அமிலம் குறையக் குறையக் கிராஃபீன் ஆக்ஸைடு தண்ணீரைக் குடித்து உப்பி, கருப்பட்டிப் பாகு பதத்துக்கு வந்துவிடுகிறது. அதற்குமேல் எத்தனை சுழற்றினாலும் பிரியாது. அப்போது டயாலிசிஸ் குழாயில், அதாவது சிறு அயனிகளை வெளியே விட்டுத் தகடுகளை உள்ளே நிறுத்தும் சவ்வுக் குழாயில், அடைத்துவிட வேண்டும்.

வாளித் தண்ணீரும் டிடிஎஸ் மீட்டரும்

எல்லாவற்றையும்விட நேரம் தின்றது இந்தக் கட்டம். முடிவைத் தீர்மானித்ததும் இதுதான்.

12–14 ஆயிரம் டால்டன் எடை வரையுள்ள மூலக்கூறுகளை வெளியே விடும் செல்லுலோஸ் குழாயில் பாகை ஊற்றி, இரு முனையும் கட்டி, பத்து லிட்டர் பிளாஸ்டிக் வாளியில் தொங்கவிட்டோம். வெளித் தண்ணீருக்கு வடிநீர். எங்கள் வடிகலன் நாள் முழுவதும் ஓடினாலும் போதவில்லை. பேட்டரிக் கடையில் லிட்டர் 20 ரூபாய்க்குக் கிடைக்கும் கனிமம் நீக்கிய நீரை முதல் சில மாற்றங்களுக்குப் பயன்படுத்திக்கொண்டோம். தண்ணீர் எவ்வளவு சுத்தமாகிறது என்று பார்க்க, கல்லூரி ஆர்ஓ இயந்திரத்தைப் பழுது பார்க்க வருபவரின் சட்டைப்பையில் இருந்த, நீரில் கரைந்த உப்பை அளக்கும் பேனா வடிவ டிடிஎஸ் மீட்டர் கண்ணில் பட்டது. “அண்ணாச்சி, இது எங்கே கிடைக்கும்?” என்று கேட்டேன். அடுத்த முறை வரும்போது அவரே ஒன்று வாங்கிவந்து கொடுத்தார், 300 ரூபாய்.

முதலில் வாளித் தண்ணீர் 400 பிபிஎம்முக்கு மேல் காட்டியது. காலையிலும் மாலையிலும் மாற்ற மாற்ற 120, 45, 17, 6 என்று இறங்கியது. 3-க்கு வந்ததும் சுத்தமாகிவிட்டது என்று எடுத்துப் பூசத் தொடங்கினோம். அந்தத் தொகுதியில் செய்த எந்தப் படலத்திலும் செல் உருப்படியாக ஒட்டவில்லை. ஒட்டியவையும் உருண்டையாகச் சுருங்கி, மறுநாள் ஊடகத்தில், அதாவது செல்லுக்கு உணவான திரவத்தில், மிதந்தன.

ஊடகத்தைச் சந்தேகித்தோம். அதில் சேர்க்கும் ரத்தச் சீரத்தைச் சந்தேகித்தோம். வெறும் கண்ணாடியில் அதே செல்கள், அதே ஊடகத்தில் நன்றாகவே இருந்தன. கடைசியில் வேதியியல் துறைத் தோழி ஒரு கேள்வி கேட்டார்: “வாளித் தண்ணீரைச் சோதித்தீர்கள், குழாய்க்குள் இருப்பதைச் சோதித்தீர்களா?”

பி.எஸ்சி. பண்பறி பகுப்பாய்வில் எல்லோரும் செய்த சோதனைதான் கைகொடுத்தது. கிராஃபீன் ஆக்ஸைடு கூழில் 2 மி.லி. எடுத்து, நீர்த்த நைட்ரிக் அமிலத்தில் கொதிக்கவைத்தால் அது திரிந்து கட்டியாகும். வடிகட்டித் தெளிந்த நீரில் சில துளி பாஸ்பாரிக் அமிலம், ஒரு சிட்டிகை பொட்டாசியம் பெரயோடேட் சேர்த்து மறுபடி கொதிக்க வைத்தோம். சோதனைக் குழாயில் மெல்ல மெல்ல ரோஜா நிறம் ஏறியது. அது பெர்மாங்கனேட்டின் நிறம்; மிஞ்சிய மாங்கனீஸ் இருந்தால் பெரயோடேட் அதைப் பெர்மாங்கனேட்டாக மாற்றிவிடும். வாளித் தண்ணீரை ஒரு லிட்டர் சுண்டக் காய்ச்சிச் செய்தபோது நிறமே இல்லை.

அதாவது மாங்கனீஸ் வெளியே வராமல் கிராஃபீன் ஆக்ஸைடிலேயே ஒட்டிக்கொண்டிருந்தது. தகட்டின் விளிம்புகளில் இருக்கும் கார்பாக்ஸில் தொகுதிகள் எதிர்மின்னூட்டம் உடையவை. இரட்டை நேர்மின்னூட்டம் உள்ள மாங்கனீஸ் அயனி அவற்றில் இறுகப் பற்றிக்கொள்கிறது. சுத்தத் தண்ணீருக்கு அதைக் கழற்றும் வலு இல்லை. மாற்றி உட்கார இன்னொரு நேர் அயனி வேண்டும். டிடிஎஸ் மீட்டர் தண்ணீரில் கரைந்ததை மட்டும்தான் சொல்லும். அது தன் வேலையைச் சரியாகத்தான் செய்தது.

அதன்பின் முறையை மாற்றினோம். கூழைக் குழாயில் அடைத்ததும், முதலில் லிட்டருக்கு 8 மி.லி. அடர் ஹைட்ரோகுளோரிக் அமிலம் சேர்த்த நீரில் ஓர் இரவு வைத்தோம். மறுநாள் புதிய அமில நீரில் இன்னோர் இரவு. இந்த அளவு நீர்த்த அமிலத்தைச் செல்லுலோஸ் குழாய் தாங்குகிறது. அதன் பிறகே வடிநீர். வாளித் தண்ணீரில் சில்வர் நைட்ரேட் துளி விட்டால் வெண்கலங்கல் வருவது நிற்கும் வரை மாற்ற வேண்டும். குளோரைடு மிச்சமிருந்தால் பெரயோடேட் சோதனையும் கெடும். உண்டாகும் பெர்மாங்கனேட்டை அது தின்றுவிடும். இப்படிச் செய்த கூழில் ரோஜா நிறம் வரவில்லை. குழாயைத் திறந்து 5 மி.லி.யை 60 டிகிரி அடுப்பில் காயவைத்து எடை பார்த்ததில் ஒரு மி.லி.க்கு 4 மி.கி. இருந்தது.

வடிநீரைப் பற்றி ஒரு வார்த்தை. பல நாள் கேனில் நின்ற வடிநீரில் பாக்டீரியா வளரும். காய்ச்சினாலும் அவற்றின் சுவரிலிருந்து வரும் எண்டோடாக்ஸின் போகாது, கிராஃபீனிலும் ஒட்டும். கடைசி மூன்று மாற்றங்களுக்கு அன்றன்று வடித்த நீர் மட்டும் என்று விதி வைத்துக்கொண்டோம்.

ஆட்டு ரத்தத்தில் ஒரு முன்சோதனை

வளர்ப்புச் செல் விலை உயர்ந்த சரக்கு. அதில் இறங்குவதற்கு முன் சிவப்பணுவைக் கொண்டு சோதிப்பது மலிவு. மேலப்பாளையத்துக் கறிக்கடைப் பாயிடம் 3.8 சதவீத சோடியம் சிட்ரேட் ஊற்றிய பாட்டிலை முந்தின நாளே கொடுத்துவிடுவேன். ஒரு பங்கு சிட்ரேட்டுக்கு ஒன்பது பங்கு ரத்தம் என்று பாட்டிலில் கோடு போட்டிருந்தேன். “இதை வைத்து என்ன செய்வீர்கள், டீச்சர்?” என்று கேட்டார். சொன்னேன். அதற்குப் பிறகு பாட்டிலை ஐஸில் வைத்தே தருகிறார், காசு வாங்குவதில்லை.

ஆட்டின் சிவப்பணு மிகச் சிறியது. மனிதனுடையது ஏழு மைக்ரானுக்கு மேல், ஆட்டினுடையது மூன்று, நான்கு மைக்ரான்தான். உப்புச் செறிவு சற்றே குறைந்தாலும் வெடித்துவிடும். எங்கள் முதல் ஓட்டத்தில் எதுவும் சேர்க்காத குழாயே சிவந்து நின்றதற்கு, உப்புக் கரைசல் அளவு தவறி நீர்த்திருந்ததுதான் காரணம். 0.9 சதவீதத்தைத் துல்லியத் தராசில் நிறுத்து, பாஸ்பேட் தாங்கல் கரைசலாகவே செய்த பிறகு ஒழுங்குக்கு வந்தது.

கழுவிய சிவப்பணுவோடு மாதிரியைச் சேர்த்து 37 டிகிரியில் மூன்று மணி நேரம் வைத்து, சுழற்றி, மேல் நீரின் சிவப்பை 540 நானோமீட்டர் ஒளியில் அளந்தோம். முழுவதும் உடைந்ததற்கு அளவுகோல், செல் சவ்வைக் கரைக்கும் டிரைட்டன் சேர்த்த குழாய். 5 சதவீதத்துக்கு மேல் உடைந்தால் ரத்தத்துக்கு ஆகாது என்பது பொதுவாக ஏற்றுக்கொள்ளப்பட்ட எல்லை. மி.லி.க்கு 100 மைக்ரோகிராம் அளவில், மாங்கனீஸ் நீக்காத கூழ் 40 சதவீதத்தை ஒட்டி உடைத்தது. நீக்கிய கூழ் 25-க்கு இறங்கியது. அதே கூழில் கைட்டோசான் என்ற இயற்கைப் பலபடியைச் சேர்த்துத் தகடுகளைப் போர்த்தியபோது 3 சதவீதம்தான். மினசோட்டா பல்கலைக்கழகத்தில் 2011-இல் மனித சிவப்பணுவில் பார்த்ததும் இதே போக்குதான்: கைட்டோசான் பூசினால் உடைப்பு அநேகமாக நின்றுவிடுகிறது, தகடு சிறிதாகச் சிறிதாக உடைப்பு கூடுகிறது. அதனால் ஒலியலைத் தொட்டியில் போட்டுத் தகடுகளை நொறுக்குவதை அன்றோடு நிறுத்திவிட்டோம். கூழைக் கையால் சுழற்றிக் கலக்குவதே போதுமாக இருக்கிறது.

ஒரு சரிபார்ப்பைத் தவிர்க்கக் கூடாது. கிராஃபீன் ஹீமோகுளோபினையும் உறிஞ்சிக்கொள்ளும். உடைந்து வெளியே வந்த சிவப்பு வண்டலோடு கீழே போய்விட்டால், உடைப்பே இல்லை என்று அளவி சொல்லும். ஏற்கெனவே உடைத்து வைத்த ரத்தத்தில் அதே அளவு கிராஃபீனைச் சேர்த்துச் சுழற்றி, எவ்வளவு நிறம் குறைகிறது என்று தனியே பார்த்து, அந்த அளவை மேலே சொன்ன எண்களில் கூட்டியிருக்கிறேன்.

கண்ணாடியில் நிற்கவைத்தல்

கைட்டோசான் ரத்தச் சோதனையில் வென்றாலும் படலத்துக்கு உதவவில்லை. அமிலத்தில் கரையும் பொருள் அது. மேலே பூசினால் திட்டுத்திட்டாக நின்றது, மின்தடையும் பெரிதாக ஏறியது. அதை விட்டுவிட்டோம்.

பூசுவதற்குச் சுழல் பூச்சுக் கருவி வேண்டும். பழைய கணினியின் 12 வோல்ட் மின்விசிறியின் நடுவில் இருபக்க ஒட்டுநாடா ஒட்டி, கவர் கண்ணாடியை அதில் வைத்து, வேகக் கட்டுப்பாட்டுத் திருகு ஒன்றையும் இணைத்தோம். லேசர் வேகமானியில் நிமிடத்துக்கு 2,500 சுற்று காட்டியது. மி.லி.க்கு 2 மி.கி. கூழில் 50 மைக்ரோலிட்டர் விட்டுச் சுழற்றி, காயவிட்டு, நான்கு தடவை பூசினால் வெளிறிய தேநீர் நிறத்தில் படலம் வந்துவிடுகிறது. விசிறியின் மேல் ஒரு பிளாஸ்டிக் டப்பாவைக் கவிழ்க்க வேண்டும். ஆடி மாதத்தில் ஜன்னலை மூடி வைத்தாலும் காற்றோடு தூசி எங்கிருந்தாவது வந்து படலத்தில் புள்ளி வைத்துவிடும்.

வெறும் கண்ணாடியில் பூசிய படலம் ஊடகத்தில் இறங்கிய சில மணி நேரத்தில் தோலாக உரிந்து மிதந்தது. கண்ணாடியும் எதிர்மின்னூட்டம், கிராஃபீன் ஆக்ஸைடும் எதிர்மின்னூட்டம். இடையில் ஒரு நேர்மின்னூட்ட அடுக்கு வேண்டும். கண்ணாடியைச் சோப்பு, அசிட்டோன், 10 சதவீத சோடியம் ஹைட்ராக்ஸைடு என்று கழுவி, அசிட்டோனில் 2 சதவீதம் கரைத்த அமினோபுரோப்பைல் டிரைஎத்தாக்ஸிசிலேனில் ஐந்து நிமிடம் வைத்து, அலசி, 110 டிகிரி அடுப்பில் அரைமணி நேரம் சுட்டோம். அதன்மேல் பூசிய படலம் உரியவில்லை. வேதிப்பொருள் பெயரைக் கேட்டு மிரள வேண்டாம், 100 மி.லி. பாட்டில் மூவாயிரம் ரூபாய்க்குள் கிடைத்தது, ஒரு தொகுதிக்கு அரை மி.லி. போதும்.

மின்சாரம் கடத்த, ஆக்ஸிஜனைக் களைய வேண்டும். வழக்கமாக இதற்குப் பயன்படும் ஹைட்ரசின் நச்சு, செல் வளரப் போகும் இடத்தில் அதன் மிச்சம்கூட இருக்கக் கூடாது. வைட்டமின் சி அந்த வேலையைச் செய்யும் என்பது 2010 வாக்கிலேயே காட்டப்பட்டுவிட்டது. லிட்டருக்கு 18 கிராம் அஸ்கார்பிக் அமிலம், 90 டிகிரி, ஒரு மணி நேரம். மருந்துக்கடை மாத்திரையில் சர்க்கரையும் சாயமும் இருக்கும். ஆய்வகத் தூளையே வாங்க வேண்டும். படலம் தேநீர் நிறத்திலிருந்து புகைச் சாம்பல் நிறத்துக்கு மாறியது. சில்வர் பெயின்ட்டில் ஒரு சென்டிமீட்டர் இடைவெளியில் இரண்டு பொட்டு வைத்து, 250 ரூபாய் மல்டிமீட்டரால் தொட்டுப் பார்த்தோம். களைவதற்கு முன் 20 மெகாஓம் அளவிலும் இடது ஓரத்தில் ‘1’ மட்டும் (அளவைத் தாண்டிய தடை) காட்டிய கருவி, களைந்த பிறகு 80 கிலோஓம் காட்டியது.

இப்போது இன்னொரு சிக்கல். ஆக்ஸிஜன் போனதும் பரப்பு தண்ணீரை ஒதுக்கத் தொடங்குகிறது. 5 மைக்ரோலிட்டர் துளியை வைத்து, கைப்பேசியில் கூடுதல் லென்ஸ் மாட்டிப் பக்கவாட்டில் படமெடுத்து, இமேஜ்ஜே என்ற இலவச மென்பொருளில் துளி பரப்பைத் தொடும் கோணத்தை அளந்தோம். ஆக்ஸைடில் 40 டிகிரி சுற்றி இருந்தது, களைந்த படலத்தில் 80-ஐத் தாண்டியது. செல்கள் அதில் ஒட்டத்தான் செய்தன. ஆனால் கூட்டம் கூட்டமாக. ஒரு மூலையில் நெருக்கம், பக்கத்தில் வெட்டவெளி.

இதற்கு மருந்தாக அமைந்தது பாலிடோபமைன். கடற்பாறையில் அலைக்கு அசையாமல் ஒட்டிக்கிடக்கும் சிப்பியின் பசைப் புரதத்தைப் பார்த்து, நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழகத்தில் 2007-இல் கண்டெடுத்த பூச்சு இது. எந்தப் பரப்பிலும் ஒட்டும். 10 மில்லிமோலார் டிரிஸ் கரைசலை பி.எச். 8.5-க்குக் கொண்டுவந்து, மி.லி.க்கு 2 மி.கி. டோபமைன் ஹைட்ரோகுளோரைடு கரைத்தால் தானாகவே கறுக்கத் தொடங்கும். ஒரு தொகுதிக்கு 25 மி.லி., அதாவது 50 மி.கி. செலவு. நாலாயிரம் ரூபாய்க்குச் சற்று மேல் கொடுத்து வாங்கிய 5 கிராம் நூறு தொகுதிக்கு வரும்.

ஓர் இரவு முழுக்க விட்டோம். காலையில் படலத்தின்மேல் கரித்தூள் கொட்டிக்கிடந்தது. கரைசலுக்குள்ளேயே திரளும் பாலிடோபமைன் துகள்கள் கீழே படிந்துவிடுகின்றன. நுண்ணோக்கியில் அவை இறந்த செல் துணுக்கிலிருந்து பிரித்தறிய முடியாதவை. மின்தடையும் மும்மடங்காகியிருந்தது. இரண்டு மாற்றங்கள் செய்தோம். நேரத்தை நான்கு மணியாகக் குறைத்தோம். படலம் உள்ள பக்கம் கீழே பார்க்கும்படி, ஓரங்களில் இரண்டு கண்ணாடிச் சில்லு கொடுத்துத் தூக்கிக் கவிழ்த்து வைத்தோம். துகள் முதுகில் விழும், வேண்டிய முகம் சுத்தமாக இருக்கும். மின்தடை 80-லிருந்து 95 கிலோஓம் அளவுக்குத்தான் ஏறியது. துளிக் கோணம் 50-க்கு இறங்கியது.

அதன்மேல் 0.1 சதவீத ஜெலட்டின், 37 டிகிரியில் ஒரு மணி நேரம். பாலிடோபமைனின் குயினோன் பகுதிகள் ஜெலட்டினின் அமினோ தொகுதிகளோடு பிணைந்துகொள்வதால், வெறும் படலத்தில் பூசிய ஜெலட்டின்போல இது அலசும்போது போய்விடுவதில்லை.

செல் இறங்கிய பிறகு

எல்929 என்ற எலி நார்த்திசு செல் வரிசையைப் புணேயில் உள்ள தேசிய செல் அறிவியல் மையத்திலிருந்து வரவழைத்திருந்தோம். 1940-களிலிருந்து வளர்ந்துவரும் வரிசை. பொருள்களின் நச்சுத்தன்மையைப் பார்க்க உலகெங்கும் பயன்படுவது.

படலத்தைக் கிருமி நீக்க ஆட்டோகிளேவில் வைக்கக் கூடாது. 121 டிகிரி நீராவியில் கிராஃபீன் ஆக்ஸைடு மேலும் மாறிவிடும், ஒவ்வொரு தொகுதியும் ஒவ்வொரு நிறத்தில் வரும். ஜெலட்டின் பூசுவதற்கு முன் 70 சதவீத ஆல்கஹாலில் அரைமணி நேரமும், கிருமியற்ற காற்றுப் பெட்டிக்குள் புற ஊதா விளக்கின் கீழ் பதினைந்து நிமிடமும் வைத்தோம். ஜெலட்டினை வடிகட்டியில் செலுத்திச் சுத்தம் செய்துகொண்டோம்.

24 குழித் தட்டில், குழிக்கு 20,000 செல். 48 மணி நேரம் கழித்து, உயிருள்ள செல் சாயத்தை ஊதாவாக்கும் எம்டிடி சோதனை செய்தால் கிராஃபீன் குழிகள் கண்ணாடியைவிட அதிக ஊதாவாக இருந்தன. மாணவிக்கு ஒரே சந்தோஷம். செல்லே போடாத படலக் குழியையும் கூடவே வைத்திருந்தோம், அதுவும் ஊதா. கிராஃபீனும் பாலிடோபமைனும் தாமே அந்தச் சாயத்தை ஊதாவாக்கிவிடுகின்றன. மினசோட்டாக் குழுவும் இதைத்தான் எச்சரித்திருந்தது. ஒளிரும் சாயங்களை நம்பவும் வழியில்லை. கிராஃபீன் ஒளிர்வை அணைத்துவிடும். எனவே பழைய வழிக்கே திரும்பினோம். டிரிப்சின் நொதியால் செல்லைக் கழற்றி, படலத்தைவிட்டு வெளியே எடுத்து, இறந்த செல்லில் மட்டும் ஏறும் டிரைபன் நீலம் சேர்த்து, கட்டம் போட்ட நியூபார் அறைக் கண்ணாடியில் கண்ணால் எண்ணினோம். பிற்பகல் முழுதும் போகும். ஆனால் அந்த எண்ணை நம்பலாம்.

கண்ணாடியில் குழிக்கு 80,000-ஐ ஒட்டி இருந்தது. மாங்கனீஸ் நீக்காத கூழில் செய்த, மேல்பூச்சு ஏதுமில்லாத படலத்தில் 15,000-கூட இல்லை; போட்டதைவிடக் குறைவு. அதே கூழில் பாலிடோபமைனும் ஜெலட்டினும் பூசிய படலத்தில் 35,000. மாங்கனீஸ் நீக்கிய கூழில் செய்து, பூச்சே இல்லாமல் விட்ட படலத்தில் 55,000. நீக்கியும் பூசியும் செய்ததில் 76,000-லிருந்து 82,000 வரை. இந்த வரிசையைப் பார்த்துத்தான் எனக்குத் தெளிவு வந்தது. அழுக்குக் கூழின்மேல் எத்தனை நல்ல பூச்சு பூசினாலும், கழுவிய வெறும் படலத்தை அது எட்டவில்லை. மாதக்கணக்கில் பூச்சை மாற்றி மாற்றிப் பார்ப்பவர்கள், முதலில் கூழில் ஒரு பெரயோடேட் சோதனை செய்துவிடுவது நல்லது.

நுண்ணோக்கியில் பார்க்கும்போது பூச்சு உள்ள படலத்தில் செல்கள் இரு முனையும் நீண்டு, தட்டையாக, ஓரத்தில் மெல்லிய மடிப்புகளோடு கிடந்தன. பூச்சில்லாததில் பாதி செல்கள் உருண்டையாகவே இருந்து, ஒளிவட்டம் சூழத் தெரிந்தன. எண்ணிக்கைக்கு முன்பே கண் சொல்லிவிடும் வேறுபாடு அது.

செலவைச் சொல்லிவிடுகிறேன். டயாலிசிஸ் குழாய் ஒரு சுருள் 4,500 ரூபாய். ஐந்தில் ஒரு பங்குதான் தீர்ந்திருக்கிறது. டோபமைன், சிலேன், ஜெலட்டின் மூன்றும் சேர்ந்து எட்டாயிரத்துக்குள். தண்ணீருக்கு ஆயிரத்துச் சொச்சம். சுழல் பூச்சுக் கருவி, மல்டிமீட்டர், டிடிஎஸ் மீட்டர், வேகமானி எல்லாம் இரண்டாயிரத்துக்குள் முடிந்தன. பெரிய செலவு சீரம்தான்; 100 மி.லி. பத்தாயிரம் ரூபாயைத் தொட்டது. அதனால்தான் ஆட்டு ரத்தச் சோதனையை முன்னால் வைக்கச் சொல்கிறேன். அங்கே மாங்கனீஸ் நீக்காத கூழ்போல மிகுதியாக உடைக்கும் தொகுதியைச் செல்வரைக்கும் கொண்டுபோக வேண்டியதில்லை.

அடுத்த தொகுதியில் சிலவற்றை மாற்றப் போகிறோம். கண்ணாடிகளைக் கவிழ்த்து வைப்பதில் ஓரச் சில்லுகள் படலத்தைக் கீறுகின்றன. பேட்டை தொழிற்பேட்டையில் லேத் வைத்திருப்பவரிடம் பன்னிரண்டு கண்ணாடிகளைச் செங்குத்தாக நிறுத்தும் டெஃப்லான் தாங்கி ஒன்று கடையச் சொல்லியிருக்கிறேன். அமிலக் கழுவலில் ஹைட்ரோகுளோரிக்குக்குப் பதில் நீர்த்த நைட்ரிக் அமிலத்தைப் பயன்படுத்தினால் குளோரைடுத் தொல்லை இல்லாமல் பெரயோடேட் சோதனையை உடனே செய்யலாம். ஒவ்வொரு தொகுதியிலும் ஒரு படலத்தைச் செல் இல்லாமல் ஊடகத்தில் ஒரு வாரம் ஊறவைத்து, தினமும் மின்தடையை அளந்து வைக்க வேண்டும். இப்போதைய படலங்களில் ஐந்தாம் நாளுக்குப் பிறகு மின்தடை மெல்ல ஏறுகிறது. செல் வளர்ந்ததால் ஏறுகிறதா, படலம் ஓரத்தில் தளர்வதால் ஏறுகிறதா என்பது அந்த வெறும் படலத்தின் எண் கிடைத்தால்தான் பிரியும். மாணவியின் அளவீடு அதற்குப் பிறகுதான் தொடங்கும்.